அகன்ற வண்டியும் ஒடுங்கிய பாதையும்



இராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரையூர் ஒன்றிலிருந்து ஒரு தாயார் எழுதிய கடிதம் சென்ற மாதம் கைக்குக் கிடைத்தது. அவருடைய மகன் அமெரிக்காவில், கலிஃபோர்னியா மாநிலத்தில் பணிபுரிகிறார். அண்மையில் பெரிய பிக்கப் வண்டி ஒன்றை வாங்கியிருக்கிறார். விடுமுறை நாள்களில் நண்பர்களுடன் சேர்ந்து, மலைமேல் இருக்கும் ஏரிகளுக்கு அந்த வண்டியை ஓட்டிச் செல்கிறார். அவர் அனுப்பிய படங்களைப் பார்த்ததிலிருந்து தாயாருக்கு உறக்கமில்லை. "ஆலிம்சா, படத்தில் பாதையே இல்லை, பாறைதான் இருக்கிறது, ஒரு சக்கரம் அந்தரத்தில் நிற்கிறது" என்று எழுதுகிறார். இது விரயம் ஆகாதா, மகனை நான் தடுக்கலாமா என்பன அவருடைய இரு கேள்விகள்.

அவருக்குத் தனியே பதில் எழுதியிருக்கலாம். ஆனால் இந்த இதழ் நுழையும் இல்லங்களில், பிள்ளைகள் கடல் கடந்து வாழாத இல்லம் எத்தனை? துபாயில் இருக்கும் பிள்ளை மணல்மேட்டில் வண்டி ஓட்டுகிறான். அமெரிக்காவில் இருக்கும் பிள்ளை பாறைமேல் ஓட்டுகிறான். வீட்டிலிருப்பவர்களுக்கோ அது இன்னதென்று தெரிவதில்லை. தெரியாத காரணத்தால் ஒன்று அச்சம் கொள்கிறார்கள், அல்லது "பணத்திமிர்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். ஆகவே இம்மாதம் இந்தப் பக்கத்தை அதற்கே ஒதுக்கினேன். ஸ்கூட்டருக்கு மேல் எதையும் ஓட்டியறியாதவன் நான். இருந்தாலும் படித்தும் கேட்டும் அறிந்தவற்றைச் சொல்லத் தடையில்லை அல்லவா?

முதலில் இடத்தைப் பார்ப்போம். கலிஃபோர்னியாவின் கிழக்கெல்லையை ஒட்டி வடக்கு தெற்காக நீண்டு கிடக்கிறது சியெரா நெவாடா மலைத்தொடர். அதன் உடல் பெரும்பாலும் கருங்கல். பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்னே பனியாறுகள் இம்மலைகளின் மீது ஊர்ந்து சென்றன. அவை மண்ணை வாரிக்கொண்டு போயின. பாறையை உரசி வழவழப்பாக்கின. மென்மையான இடங்களைக் குடைந்து பள்ளமாக்கின. பனி உருகிய பின்னர் பள்ளங்களில் நீர் நின்று ஏரிகளாயின. பனியாறு சுமந்து வந்த பெருங்கற்கள் ஆங்காங்கே கிடந்தவாறே கிடக்கின்றன. வீட்டளவு கல்லும் உண்டு, ஆட்டுக்கல் அளவு கல்லும் உண்டு. ஏரியும் பாறையும் அங்கே ஒன்றையொன்று பிரியாமல் இருப்பதன் காரணம் இதுதான். ஏரியைக் காண விரும்புகிறவர் பாறையைக் கடந்தே ஆக வேண்டும்.

அவ்வகைப் பாதைகளுள் உலகப் புகழ் பெற்றது ரூபிகான் பாதை. ஜார்ஜ்டவுன் என்னும் சிற்றூரின் பக்கமிருந்து டாஹோ ஏரியின் மேற்குக் கரை வரை அது செல்கிறது. லூன் ஏரி, ஸ்பைடர் ஏரி, பக் ஐலண்ட் ஏரி ஆகியவற்றை ஒட்டி ஏறி இறங்குகிறது. இவற்றுள் லூன் ஏரியும் பக் ஐலண்ட் ஏரியும் இன்று நீர்த்தேக்கங்கள். சாக்ரமெண்டோ நகர்ப்புற மின்வாரியம் நீர்மின் உற்பத்திக்காக அணைகட்டி நீர் தேக்கிய இடங்கள். அங்குள்ள நீர் வெறும் காட்சிப்பொருள் அன்று என்பதை நினைவில் வையுங்கள். பிறகு அதற்கு வருகிறேன்.

இத்தாலியில் ரூபிகான் என்றொரு சிற்றாறு இருக்கிறது. கிறிஸ்து பிறப்பதற்கு 49 ஆண்டுகளுக்கு முன், ஜூலியஸ் சீஸர் படையுடன் அதைக் கடந்து உள்நாட்டுப் போரைத் தொடங்கினான். கடந்தபின் திரும்ப வழியில்லை என்னும் பொருளில் அப்பெயர் ஐரோப்பிய மொழிகளில் நிலைத்துவிட்டது. கலிஃபோர்னியாவின் ஓர் ஆற்றுக்கும் அதே பெயரை இட்டார்கள். பாதைக்கு ஆற்றின் பெயர் வந்தது. பாதி வழியில் வண்டியின் அச்சு முறிந்தவர்கள் இந்தப் பெயரைப் பொருத்தமென்றே கருதுவார்கள்.

இது யாரோ விளையாட்டுக்காக வெட்டிய வழி என்று எண்ணிவிட வேண்டாம். 1887 இல் எல் டொராடோ கவுண்டி நிர்வாகம் இதைப் பொதுச்சாலையென அறிவித்தது. இடையில் உள்ள ரூபிகான் ஊற்றுகளில் கனிமநீர் கிடைத்தது. அங்கே ஒரு விடுதி இயங்கியது. குதிரை வண்டிகள் ஓடின. பின்னர் நல்ல சாலைகள் வேறு திசையில் அமைந்தபோது இதைப் பேணுவார் இல்லை. மழையும் பனிநீரும் மண்ணைக் கரைத்தெடுக்க, எலும்பைப் போலக் கல் மட்டும் எஞ்சியது. சட்டப்படி அது இன்றும் பொதுச்சாலை. தோற்றத்திலோ வறண்ட காட்டாறு. ஏறத்தாழ 12 மைல் நீளமுள்ள கடும்பகுதியைக் கடக்க ஒரு முழுநாள், பலருக்கு இரண்டு நாள் ஆகும். நடந்து செல்பவர் வண்டிக்கு முன்னே போய்ச் சேர்ந்துவிடுவார்.

இந்தப் பாதைக்குப் புது வாழ்வு தந்தது ஜீப். இரண்டாம் உலகப் போருக்காக 1941 முதல் தயாரிக்கப்பட்ட வில்லிஸ் ஜீப் போர் முடிந்ததும் குடிமக்கள் கைக்கு வந்தது. ஜார்ஜ்டவுன்காரரான மார்க் ஸ்மித் என்பவர் ஊராரைச் சேர்த்துக்கொண்டு, 1953 இல் முதல் ஜீப் பயணத்தை இப்பாதையில் நடத்தினார். 55 வண்டிகளில் 155 பேர் சென்றார்கள். ஆண்டுதோறும் தொடர்ந்த அந்தப் பயணமே இன்று அமெரிக்கா முழுவதும் பரவியிருக்கும் பழக்கத்தின் வித்து. 2003 ஆம் ஆண்டு மாதிரியிலிருந்து ஜீப் நிறுவனம் தன் வண்டியொன்றுக்கே ரூபிகான் என்று பெயரிட்டு விற்று வருகிறது.

ஜீப் என்றதும் ஒரு செய்தி நினைவுக்கு வருகிறது. நம் வாசகர்கள் அறிய வேண்டியது. அதே வில்லிஸ் ஜீப்பை நம் நாட்டில் 1940களின் இறுதியில் பொருத்தி விற்கத் தொடங்கிய மஹிந்திரா நிறுவனம், 1945 இல் பிறந்தபோது அதன் பெயர் மஹிந்திரா அண்டு முஹம்மது. கூட்டாளியான மாலிக் குலாம் முஹம்மது பிரிவினைக்குப் பின் பாகிஸ்தான் சென்று அந்நாட்டின் முதல் நிதியமைச்சரானார். 1951 இல் கவர்னர் ஜெனரலாகவும் ஆனார். 1948 இல் நிறுவனத்தின் பெயர் மஹிந்திரா அண்டு மஹிந்திரா என்று மாறியது. நம் மலைப்பகுதிகளில் தேயிலைக்கும் ஏலக்காய்க்கும் ஏறி இறங்கிய ஜீப்புகளின் பின்னே இப்படியொரு கதை இருக்கிறது. நிற்க.

இப்போது தாயாரின் மகன் வாங்கியிருக்கும் வண்டிக்கு வருவோம். அவர் வாங்கியது ஜீப் அன்று. முழு அளவு பிக்கப். நம் ஊரில் காய்கறி ஏற்றிவரும் சிறு பிக்கப்பை மனத்தில் வைத்தால் இது புரியாது. ஃபோர்டு எஃப் 150, ஷெவர்லே சில்வராடோ, ராம், டொயோட்டா டண்ட்ரா போன்றவை இந்த இனம். எடை இரண்டு டன்னுக்கு மேல். நான்கு கதவுகள் உள்ள எஃப் 150 இன் அகலம் பக்கக் கண்ணாடிகளைச் சேர்க்காமலேயே 80 அங்குலம். நீளம் 19 அடிக்கு மேல். முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடைவெளி சுமார் 145 அங்குலம். பாதையை வாழவைத்த வில்லிஸ் ஜீப்பின் அகலமோ 62 அங்குலம். அச்சிடைவெளி வெறும் 80 அங்குலம். அதாவது அன்றைய ஜீப்பின் அச்சிடைவெளி எவ்வளவோ, இன்றைய பிக்கப்பின் அகலமே அவ்வளவு. இந்த ஓர் ஒப்பீடு போதும், மற்றவையெல்லாம் தாமே விளங்கும்.

அங்காடியில் விற்பனையாளர் குதிரைத்திறனைச் சொல்வார், இழுவையைச் சொல்வார். நெடுஞ்சாலையில் படகு இழுக்கவும், கட்டடத் தொழிலாளி தன் கருவிகளையும் மரங்களையும் ஏற்றிச் செல்லவும் இவ்வண்டிக்கு நிகரில்லை. 1977 முதல் அமெரிக்காவில் மிக அதிகமாக விற்கும் பிக்கப் வரிசை ஃபோர்டு எஃப் வரிசைதான் என்றால் காரணமில்லாமல் இல்லை. ஆனால் பாறைப்பாதையில் வலிமை முதல் தேவை அன்று. அங்கே பெரும்பலம் சிறுபலத்திடம் தோற்கிறது. எப்படி என்று பாருங்கள்.

நம் தெருவில் உயரமாகக் கட்டிவிட்ட வேகத்தடைகளைக் கண்டிருப்பீர்கள். ஸ்கூட்டர் சிரமமின்றி ஏறி இறங்கும். நீண்ட காரின் வயிறோ உரசும். முன்சக்கரம் இறங்கிவிட்டது, பின்சக்கரம் இன்னும் ஏறவில்லை, நடுவில் இருப்பது தரையைத் தொடுகிறது. அச்சிடைவெளி கூடக்கூட வயிறு தட்டும் அபாயம் கூடுகிறது. பாறைமேட்டில் இதுவே பெருந்துன்பம். அங்கே தட்டுவது சிமெண்டு மேடு அன்று, கூர்மையான கருங்கல். வண்டியின் வயிற்றில்தான் என்ஜின் ஆயில் தொட்டி இருக்கிறது, கியர்ப்பெட்டி இருக்கிறது, பெட்ரோல் தொட்டி இருக்கிறது. பின்புறம் நீண்டு தொங்கும் சரக்குப்பெட்டியும் இறக்கங்களில் கல்லில் இடிக்கும்.

அகலத்தின் துன்பம் வேறு. இரண்டு பாறைகளுக்கு இடையே ஜீப் நுழைந்து செல்லும் சந்தில் பிக்கப் தன் கதவுகளைத் தேய்த்துக்கொண்டு நிற்கும். பாதையோரப் பைன் மரங்களில் வண்டிகள் உரசிய தழும்புகளை இடுப்புயரத்தில் காணலாம் என்கிறார்கள். ரூபிகான் ஊற்றுகளைத் தாண்டிய பின் வரும் கெடிலாக் ஏற்றம் குறுகலும் செங்குத்துமான வளைவுகளைக் கொண்டது. ஒரு பக்கம் பள்ளம். பள்ளத்தில் உருண்டு கிடந்த ஒரு பழைய கெடிலாக் காரின் சிதைவிலிருந்தே அந்தப் பெயர் வந்தது. ஜீப் ஒரே திருப்பத்தில் வளையும் இடத்தில் பிக்கப் முன்னே போய், பின்னே வந்து, மீண்டும் முன்னே போய்த்தான் திரும்ப முடியும். பள்ளத்தின் விளிம்பில் பின்னோக்கி வருவது எத்தகைய வேலை என்பதை நான் விவரிக்கத் தேவையில்லை.

அப்படியானால் பிக்கப்பில் யாரும் போவதில்லையா? போகிறார்கள். வண்டியை உயர்த்தி, பெரிய டயர் போட்டு, வயிற்றுக்கு இரும்புக் கவசமும் பக்கவாட்டில் தடித்த இரும்புக் குழாயும் பொருத்திக்கொண்டு போகிறார்கள். பொறுமையுள்ளவர்கள் கரைசேர்கிறார்கள். ஆனால் கடையிலிருந்து வந்த நிலையிலேயே ரூபிகானுக்குக் கொண்டுபோவது பேதைமை. முழு அளவு பிக்கப்புக்கு ஏற்ற, பாறை குறைந்த ஏரிப்பாதைகள் அதே மலையில் எத்தனையோ உள்ளன. தொடக்கக்காரருக்கு அவையே உரியவை. மகன் எந்தப் பாதையில் போகிறார் என்று தாயார் கேட்கட்டும்.

ஓட்டும் முறையைச் சிறிது சொல்கிறேன். அச்சம் பாதி குறையும். படத்தில் காணும்போது ஏதோ பாய்ச்சல் போலத் தோன்றுகிறது. உண்மையில் அங்கே வேகம் என்பதே இல்லை. நான்கு சக்கரங்களையும் இயக்கும் வண்டிகளில், வழக்கமான கியர்களுக்குக் கீழே இன்னொரு தாழ்ந்த கியர் வரிசை உண்டு. அதில் போட்டால் என்ஜின் ஏறக்குறைய இரண்டரை மடங்குக்கு மேல் கூடுதலாகச் சுழன்றுதான் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும். தவழும் குழந்தையின் வேகத்தில் வண்டி நகரும். ஆற்றல் மட்டும் பெருகும். வேகமாகப் போகிறவனின் டயர் துள்ளும். துள்ளி விழும் டயர் அச்சை முறிக்கும். இறக்கத்திலும் பிரேக்கை மட்டும் நம்பாமல் அந்தத் தாழ்ந்த கியரிலேயே என்ஜின் பிடியில் இறங்குவார்கள்.

பாதை தொடங்குமிடத்தில் எல்லாரும் வண்டியை நிறுத்திச் செய்யும் முதல் வேலை, டயரில் உள்ள காற்றைக் குறைப்பது. சாலையில் 35 பவுண்டு அளவில் இருக்கும் அழுத்தத்தை 15, 18 பவுண்டு வரை இறக்குகிறார்கள். இளகிய டயர் கல்லைக் கவ்விக்கொள்ளும், குலுக்கலும் குறையும். மிகவும் குறைத்தாலோ டயர் சக்கர வளையத்தைவிட்டுக் கழன்றுவிடும். திரும்பும்போது கையோடு கொண்டுவந்த சிறு கம்ப்ரசரால் மீண்டும் காற்றடித்த பிறகே நெடுஞ்சாலையில் ஏற வேண்டும். இந்தக் கடைசி வேலையில் சோம்பல் பட்டு, இளகிய டயரோடு அறுபது மைல் வேகத்தில் பறப்பவர்களும் இருக்கிறார்கள். என்னைக் கேட்டால், பாறையைவிட அந்தச் சோம்பலே அபாயம் என்பேன்.

அந்தரத்தில் நின்ற சக்கரத்துக்கு வருவோம். மேடு பள்ளமான கல்லில் நான்கு சக்கரமும் எப்போதும் தரையைத் தொடுவது இயலாது. மூன்று ஊன்றியிருக்க ஒன்று எழுவது அங்கே அன்றாட நிகழ்ச்சி. ஆயினும் அதில் ஒரு நுட்பம் இருக்கிறது. சாதாரண வண்டியில் ஓர் அச்சின் இரு சக்கரங்களுக்கும் நடுவே உள்ள டிஃபரன்ஷியல், எந்தப் பக்கம் எதிர்ப்புக் குறைவோ அந்தப் பக்கம் சுழற்சியை அனுப்பிவிடும். அந்தரத்தில் இருக்கும் சக்கரம் வீணே சுழலும். கல்லில் ஊன்றிய சக்கரம் அசையாது. இதைத் தடுக்க இரு சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டும் ஏற்பாடு சில வண்டிகளில் உண்டு. அது இருந்தால் ஒரு சக்கரம் எழுந்தாலும் மற்றது இழுத்துச் செல்லும். எனவே தாயார் கவலைப்பட வேண்டியது எழுந்த சக்கரத்தைப் பற்றி அன்று. வண்டி பக்கவாட்டில் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதைப் பற்றி. குறுக்குச் சரிவில்தான் வண்டி உருளும். சரிவில் நேராக ஏறு, நேராக இறங்கு, குறுக்கே போகாதே என்பது அங்கே பாலபாடம். சாயும்போது சன்னலுக்கு வெளியே கையை நீட்டித் தாங்க முயல்வது மனித இயல்பு. இரண்டு டன்னைக் கை தாங்காது, கைதான் போகும். சீட் பெல்ட்டை ஒருபோதும் கழற்றாமல், கைகளை உள்ளேயே வைத்திருக்க வேண்டும். கல்லில் இடித்த சக்கரம் ஸ்டீயரிங்கை வெடுக்கெனத் திருப்பும் என்பதால், கட்டை விரலை வளையத்தின் உட்புறம் கொக்கி போலக் கோக்காமல் வெளியே வைத்துப் பிடிக்கவும் கற்பிக்கிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. ஓட்டுநர் இருக்கையிலிருந்து பார்த்தால், உயரமான என்ஜின் மூடியைத் தாண்டிப் பல அடி தூரம் தரையே தெரியாது. ஆகவே ஒருவர் இறங்கி வண்டிக்கு முன்னே நின்று கையசைத்து வழிகாட்டுவார். இடப்பக்கம், வலப்பக்கம், மெல்ல வா, நில். ஓட்டுபவர் தம் கண்ணை ஒதுக்கிவைத்துவிட்டு அவர் கையைப் பார்த்தே ஓட்டுவார். பத்துப் பேர் கூடிநின்று ஆளுக்கொன்று கூவினாலும், ஒருவர் சொல்லையே கேட்க வேண்டும் என்பது கண்டிப்பான வழக்கம். எழுபதாயிரம் டாலர் கொடுத்து வாங்கிய வண்டியின் உரிமையாளர், ஒரு பழைய ஜீப்பில் வந்த முதியவரின் விரலசைவுக்குக் கட்டுப்பட்டு அங்குலம் அங்குலமாக நகர்வதை எண்ணிப் பார்க்கிறேன். இப்படியொரு பயிற்சி நம் இளைஞர்களுக்குக் கிடைப்பதில் எனக்கு வருத்தமில்லை. வழிகாட்டி நிற்க வேண்டிய இடம் ஓட்டுநர் பார்வையில் படும் இடம். வண்டிக்கும் பாறைக்கும் இடையில் ஒருநாளும் நிற்கலாகாது.

இனி, உயிருக்கு உலைவைக்கும் இடங்களை மறைக்காமல் சொல்ல வேண்டும். வண்டி சிக்கிக்கொண்டால் இன்னொரு வண்டியில் பட்டை கட்டி இழுப்பார்கள். பிக்கப்பின் பின்புறத்தில் டிரெய்லர் கோக்கும் உருண்டை ஒன்று இருக்கும். பார்ப்பதற்கு வலுவாகத் தெரியும் அதில் பட்டையை மாட்டிவிடுவது பலர் செய்யும் காரியம். அது அந்த இழுவைக்காகச் செய்யப்பட்டதன்று. திடீர் இழுப்பில் முறிந்தால் பீரங்கிக் குண்டு போலப் பாயும். இதனால் இறந்தவர்கள் உண்டு. வண்டியின் சேஸிஸோடு பிணைத்த கொக்கியிலேயே மாட்ட வேண்டும். வின்ச் கொண்டு இழுக்கும்போது, இழுபடும் கயிற்றின் மேல் கனமான போர்வையைப் போடுவார்கள். கயிறு அறுந்தாலும் சாட்டைபோல வீசாது. கயிற்றின் நீளத்துக்குள் யாரும் நிற்கக் கூடாது, அதைத் தாண்டிப் போகவும் கூடாது.

அடுத்தது ஓடைகள். உருகும் பனியே அவற்றின் நீர் ஆதாரம். காலையில் கணுக்கால் அளவு ஓடிய நீர், வெயில் ஏறி மேலே பனி உருகியதும் மாலையில் பெருகிவிடும். காலையில் கடந்தோமே என்று மாலையில் இறங்கியவர் அகப்படுவார். ஆழம் அறியாத நீரில் வண்டியை விடலாகாது. காற்றுக்குழாய் வழியாக நீர் என்ஜினுக்குள் புகுந்தால் அது அங்கேயே நின்றுபோகும். தவிர, அந்த மலைகளில் பெரும்பாலும் கைப்பேசிக்கு அலை கிடைக்காது. தனியே ஒரு வண்டியில் போகிறவருக்கு அச்சு முறிந்தால், உதவி தேடி அவர் கால்நடையாகவே வர வேண்டும். குறைந்தது இரண்டு வண்டிகள், செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் சிறு கருவி ஒன்று, இரவைக் கழிக்கக் கம்பளி, கூடுதல் நீர் ஆகியவை இன்றிப் போவது வீரம் அன்று. கோடையிலும் அங்கே இரவு குளிர் கடுமையானது. ஜூன் மாதத்திலும் நிழலான இடங்களில் பனி கிடக்கும்.

முன்பு நீரைப் பற்றிப் பிறகு வருகிறேன் என்றேன். விரயம் என்ற கேள்விக்கு என் பதில் அங்கேதான் இருக்கிறது.

பாறையில் வயிறு தட்டி ஆயில் தொட்டி ஓட்டையானால் அந்த ஆயில் எங்கே போகும்? மண் இருந்தால் ஓரளவு உறிஞ்சும். பனியாறு மண்ணை வாரிக்கொண்டு போன இடமென்று சொன்னேனே, அங்கே உறிஞ்ச ஒன்றுமில்லை. அடுத்த மழையில் அது நேரே ஏரிக்கு இறங்கும். ஒரு வண்டியில் ஒருமுறை மாற்றும் என்ஜின் ஆயில் பத்து லட்சம் கேலன் நன்னீரைக் கெடுக்க வல்லது என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொல்கிறது. அதனால்தான் ஆயிலை உறிஞ்சும் துணிகளும் பட்டைகளும் அடங்கிய சிறு பையை ஒவ்வொரு வண்டியும் கொண்டுவர வேண்டுமென்று அப்பாதையைக் காக்கும் தொண்டர்கள் வற்புறுத்துகிறார்கள்.

ஆயிலைவிட வெட்கத்துக்குரியது மற்றொன்று. ஸ்பைடர் ஏரியின் அழகைக் காண வந்து முகாமிட்டவர்கள், கழிப்பறை இல்லாத அந்தக் கரையை எந்த நிலைக்குக் கொண்டுவந்தார்கள் தெரியுமா? மனிதக் கழிவு பெருகி, 2004 இல் சுகாதார அதிகாரிகள் அந்தப் பகுதியில் தங்குவதையே தடைசெய்ய நேர்ந்தது. தேங்கிய நீரில், மக்கள் நடக்கும் வழியில், நிழல்தரும் இடத்தில் மலசலம் கழிக்கலாகாது என்பது நம் மத்ரஸாவில் ஏழு வயதுப் பிள்ளைக்குச் சொல்லித்தரும் பாடம். அந்த மூன்று இடங்களும் ஸ்பைடர் ஏரிக்கரையில் ஒன்றாகவே அமைந்திருந்தன. கழிவைப் பையில் கட்டித் திரும்ப எடுத்துவரும் வழக்கம் பின்னர் வந்தது. அதற்கான பைகளைத் தொண்டர்கள் இலவசமாகவே கொடுக்கிறார்கள்.

2009 இல் மாநிலத்தின் நீர்த்தர வாரியம், மண்ணரிப்பு, எண்ணெய்க் கசிவு, மனிதக் கழிவு ஆகியவற்றுக்காகக் கவுண்டி நிர்வாகத்துக்கும் வனத்துறைக்கும் துப்புரவு ஆணை பிறப்பித்தது. பாதையே மூடப்பட்டுவிடுமோ என்ற நிலை. அப்போது அதை மீட்டவர்களில் பெரும்பங்கு, அங்கே வண்டி ஓட்டுகிறவர்களே. சனி ஞாயிறுகளில் மண்வெட்டியோடு வந்து நீர் வழிந்தோட வாட்டம் எடுத்தார்கள். குப்பையைச் சுமந்து சென்றார்கள். 2012 இல், லிட்டில் ஸ்லூஸ் என்ற புகழ்பெற்ற கடும்பகுதியில் அடைத்துக்கிடந்த பெரும்பாறைகளைக் கவுண்டி நிர்வாகம் உடைத்தது. சாகசம் போயிற்றே என்று பலர் புலம்பினார்கள். பாறையைச் சுற்றிப்போக வழிதேடிப் பக்கத்து மண்ணையெல்லாம் டயரால் கிழித்துக்கொண்டிருந்தவர்களும் அவர்களுள் இருந்தார்கள் என்பதை மறக்கலாகாது.

பாதை சென்று சேரும் டாஹோ ஏரியின் ஆழம் 1,645 அடி. 1968 முதல் அதன் தெளிவை ஒரு வெள்ளைத் தட்டை நீரில் இறக்கி அளந்து வருகிறார்கள். எத்தனை அடி ஆழம் வரை தட்டு கண்ணுக்குத் தெரிகிறது என்பதே அளவு. முதலாண்டில் சராசரி 102 அடி. அண்மைய ஆண்டுகளில் பெரும்பாலும் 60 அடிக்கும் 70 அடிக்கும் இடையே வந்து நிற்கிறது. இதற்குப் பாறைப்பாதை ஓட்டுநர்களை மட்டும் குற்றம் சாட்டுவது நீதியாகாது; கரையோர ஊர்களின் தார்ச்சாலைகளிலிருந்து வரும் நுண்துகள்களின் பங்கு மிகப் பெரிது. ஆனாலும் சேற்றைக் கிளறும் ஒவ்வொரு டயரும் அந்தக் கணக்கில் தன் பங்கைச் சேர்க்கிறது.

ஆகவே சகோதரியே, பெரிய வண்டி வாங்கியது விரயமா என்று அவருடைய வருவாயையும் கடனையும் அறியாமல் நான் சொல்ல இயலாது. வாரநாளில் அதே வண்டி வேலைக்கும் உதவுமானால் நான் விரயம் என்னேன். நான்கு மணி நேரத்துக்கு ஒரு காணொளி எடுப்பதற்காக அச்சையும் கதவையும் ஆயில் தொட்டியையும் உடைத்துக்கொண்டு, ஏரியையும் கெடுத்து வருவதாக இருந்தால், அதற்கு வேறு பெயர் தேட வேண்டியதில்லை.

தடுக்காதீர்கள். தடுத்தால் போகாமல் இருக்க மாட்டார். படம் அனுப்பாமல் இருப்பார், அவ்வளவுதான். கேளுங்கள். எந்தப் பாதை, எத்தனை வண்டிகள், முன்னே நின்று கைகாட்டுபவர் யார், எத்தனை மணிக்குத் திரும்புவதாக யாரிடம் சொல்லிவிட்டுப் போகிறாய், ஆயில் உறிஞ்சும் பை இருக்கிறதா? இவற்றை உம்மா கேட்கிறார் என்றதும் மகன் வியந்துபோவார். விடை தெளிவாக வந்தால், துஆ செய்துவிட்டு உறங்குங்கள். இழுத்தடித்து வந்தால் மறுபடி கேளுங்கள்.

இன்னொன்றும் உண்டு. லூன் ஏரியின் கரை வரை நல்ல தார்ச்சாலை இருக்கிறது. சாதாரணக் காரே போகும். பாறைப்பாதை அங்கிருந்துதான் தொடங்குகிறது. மகனைப் பார்க்க நீங்கள் அமெரிக்கா செல்லும்போது, ஜூலையோ ஆகஸ்டோ ஆக இருந்தால், அந்தப் பெரிய வண்டியிலேயே உங்களை அதுவரை அழைத்துப் போகச் சொல்லுங்கள். இருக்கை சற்று உயரம். ஏற ஒரு சிறு மணை எடுத்துக்கொண்டால் நல்லது.